படிவம் எண் இருபத்து மூன்று

நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்ற இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை என் மாணவர்களுக்கு விளக்க ஓர் உதாரணம் எழுதினேன். மாணவர்களுக்கு விளங்கியது. அந்த உதாரணத்தால், ஒன்பது ஆண்டுகளாகத் தான் நின்றுவந்த இடத்தில் ஒரு பெண் இனி நிற்க முடியாமல் போனார். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். என் பழைய தொழில் கற்றுத்தந்த முறை அதுதான்.

பழைய தொழில் பத்திரிகை. ஒரு நாளிதழின் சேலம் பதிப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நிருபராகவும் பிறகு உதவி ஆசிரியராகவும் இருந்தேன். ஆள் குறைத்தபோது வெளியே வந்தேன். எப்போதோ அஞ்சல் வழியில் படித்து வாங்கிய சமூகவியல் பட்டம் அப்போது கைகொடுத்தது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தேன். மற்றவர்கள் எடுக்க விரும்பாத பாடம் எனக்கு வந்தது: ஆராய்ச்சி முறைகளும் புள்ளியியலும்.

மாணவர்கள் பெரும்பாலும் தமிழ்வழியில் படித்தவர்கள். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பேருந்தில் வருபவர்கள். பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தது. குறிப்புகள் தமிழில் இருந்தன. இரண்டுமே அவர்களுக்கு அந்நிய மொழிகளாக இருந்தன. முதல் தேர்வில், திட்ட விலக்கம் என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒருவன், அரசுத் திட்டத்திலிருந்து பயனாளிகள் விலகிக்கொள்வது என்று எழுதி, அதற்கு மூன்று காரணங்களும் கொடுத்திருந்தான். காரணங்கள் நன்றாகவே இருந்தன.

அந்த விடைத்தாளைத் திருத்திய பிறகுதான், ஒவ்வொரு சொல்லையும் எடுத்து இந்த ஊர்ப் பொருளைக் கொண்டு விளக்கத் தொடங்கினேன். விடை எழுதியவன் சேந்தமங்கலத்திலிருந்து வருபவன். அவன் அப்பாவுக்குக் கோழிப்பண்ணையில் வேலை. அவனை எழுப்பி நிறுத்தி, இரண்டு தட்டு முட்டைகளைக் கற்பனை செய்யச் சொன்னேன். இரண்டு தட்டிலும் சராசரி எடை ஒன்றுதான். ஒன்றில் எல்லா முட்டையும் ஏறக்குறைய ஒரே அளவு. மற்றொன்றில் பெரியதும் பொடியும் கலந்து கிடக்கின்றன. சராசரியை மட்டும் கேட்டு வாங்குகிறவருக்கு இந்தக் கலப்பு தெரியாது. அது எவ்வளவு என்று சொல்லும் எண்தான் திட்ட விலக்கம்.

"புரியுதா?"

"புரியுதுங்க சார். அந்த ரெண்டாவது தட்டுதான் நம்ம காலேஜ் ஹாஸ்டலுக்கு வருது."

வகுப்பு சிரித்தது. ஆனால் அதற்குப் பிறகு திட்ட விலக்கத்தை யாரும் தவறாக எழுதவில்லை. மாதிரி என்ற சொல்லுக்கு ஜவ்வரிசி மூட்டையில் கம்பி குத்தி ஒரு கை எடுத்துப் பார்க்கும் வியாபாரியைக் கொண்டுவந்தேன். இடைநிலை அளவுக்கு, எட்டுக் கூலி வீடுகளும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளி வீடு ஒன்றும் உள்ள ஒரு தெரு. இப்படி நாற்பது சொற்களுக்கு விளக்கம் எழுதி, தட்டச்சு செய்து, நகலெடுத்துத் தைத்து ஒரு கையேடாகக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். துறைத்தலைவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்.

இரண்டு சொற்கள் மட்டும் மடங்கவில்லை. ஓர் அளவுகோல் திரும்பத் திரும்ப ஒரே விடையைத் தந்தால் அது நம்பகமானது. அளக்க நினைத்ததையே அது அளந்தால் ஏற்புடையது. இதை எத்தனை விதமாகச் சொல்லியும், இரண்டுக்கும் ‘உண்மையாக இருப்பது’ என்றே எழுதினார்கள். எப்போது நிறுத்தாலும் ஐம்பது கிராம் கூட்டிக் காட்டும் மளிகைக்கடைத் தராசைச் சொல்லிப் பார்த்தேன். எந்தக் கடை என்று கேட்டார்களே தவிர வேறுபாட்டைப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டுவைத்தேன்.

அந்தப் பருவத்தில் களப்பணி ஒன்று செய்தோம். சேலத்திலிருந்து இளம்பிள்ளை போகும் வழியில் ஒரு குடியிருப்பு. வேலைக்குப் போகும் பெண்களின் படிப்பையும் வேலையையும் பற்றிய வினாப்படிவம். படிக்கத் தெரியுமா என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள். ஆகையால் கேட்காமல் அளக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்லி, ஒரு சிறிய அட்டை தயாரித்திருந்தேன். அதில் மூன்று வரிச் செய்தி ஒன்று பெரிய எழுத்தில் இருக்கும். கையில் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். அந்த அட்டையைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது.

முதல் நாள், எப்படிக் கேட்பது என்று காட்டுவதற்காக ஒரு மாணவியோடு நானும் போனேன். இருபத்து மூன்றாவது படிவம் அந்தப் பெண்ணுடையது. ஐம்பது வயதைத் தாண்டியவர். கணவர் இல்லை. இளம்பிள்ளையில் ஒரு சேலை மொத்த வியாபாரியிடம் சேலை மடித்து, சீட்டு ஒட்டி, அடுக்கும் வேலை. சுவரில் மாதா படமும், கீழே மகளின் திருமணப் படமும் இருந்தன. மகளைக் கெங்கவல்லிப் பக்கம் கட்டிக்கொடுத்திருப்பதாகச் சொன்னார். மாணவியைத் தன் பக்கத்தில் உட்காரச் சொல்லி, "எந்த ஊரு சாமி நீ? காலைல சாப்பிட்டியா?" என்று விசாரித்தார். எல்லாக் கேள்விகளுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார்.

அட்டை வந்தது.

"கண்ணாடி கடைல மாட்டிக்கிச்சுங்க. காலு ஒடைஞ்சு போய்க் குடுத்திருக்கேன்."

நான் என் கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன். அதற்கு அவசியமே இல்லை. படிவத்தில் ‘வாசிக்க இயலவில்லை, கண்ணாடி இல்லை’ என்று குறிக்கத் தனிக் கட்டம் இருந்தது. அதை அமைத்தவனே நான்தான். இருந்தும் நீட்டினேன்.

அவர் மாட்டிக்கொண்டார். அட்டையைப் பார்த்தார். மூன்று வரியை வாசிக்க ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பார்த்தார். பிறகு அட்டையையும் கண்ணாடியையும் சேர்த்து என்னிடம் கொடுத்து, "தெரியாதுங்க" என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

மாணவி அடுத்த வீட்டுக்குப் போனாள். நான் எழுந்தபோது அவர் கேட்டார்: "ஏனுங்க சார், அந்த நோட்டுல என் பேரு வருமா?"

"வராதுங்கம்மா. வெறும் நம்பர்தான். இருபத்து மூணு."

"வேற யாருக்கும் தெரியாதுங்களா?"

"யாருக்கும் தெரியாதுங்க."

அவர் கதவு வரைக்கும் வந்தார். அங்கே நின்று, தான் கோயிலில் பூசையின்போது மேடையேறி வேத வாசகம் வாசிப்பவர் என்றார்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன். நிருபர்கள் கற்றுக்கொள்ளும் முதல் வித்தை இது. பேனா மூடியிருந்தால் ஆட்கள் பேசுவார்கள். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து, மறப்பதற்குள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு திருநாள் பூசையில் வாசிக்க வேண்டிய பெண் வரவில்லை. முன்வரிசையில் இருந்த இவர் கையில் ஒரு சிஸ்டர் புத்தகத்தைக் கொடுத்து மேடைக்கு அனுப்பிவிட்டார்.

"அந்தத் திருநாளுக்கு வருசா வருசம் அதே வாசகந்தானுங்க வரும். சின்னப் புள்ளைல இருந்து கேட்டது. புஸ்தகத்தைப் பாத்துக்கிட்டே சொல்லிட்டு எறங்கிட்டேன். வெளிய வந்தா ஆளாளுக்குக் கையப் புடிக்கறாங்க. அடுத்த மாசம் லிஸ்டுல என் பேரைப் போட்டுட்டாங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே?"

"சொல்லத்தான் போனேங்க. சிஸ்டரு என்னைப் பாத்ததும், உங்க வாசிப்புல ஒரு பிசகு இல்லீங்கன்னாங்க. படிப்பு விசயத்துல என்னை யாரும் அப்படிச் சொன்னதே இல்லீங்க. ஊட்டுக்கு வந்துட்டேன்."

அதிலிருந்து மாதம் இரண்டு ஞாயிறு அவர் முறை. மகள் வீட்டில் இருந்தவரை வாசித்துக் காட்டுவாள். திருமணமாகிப் போன பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அலைபேசியில் பேசி அனுப்புகிறாள். இவர் ஒரு காதில் மட்டும் ஒயரை மாட்டிக்கொண்டு சேலை மடிப்பார். பக்கத்தில் இருப்பவர்கள், "என்னக்கா, பாட்டா?" என்பார்கள். "பழைய பாட்டுடி" என்பார்.

"எத்தனை தடவை கேப்பீங்க?" என்று கேட்டேன். வினாப்படிவத்தில் இல்லாத கேள்வி. அதற்குமுன் அதுபோல ஐந்தாறு கேட்டிருந்தேன்.

"மூணு தடவைங்க. நெறைய ஊரு பேரு வந்துச்சுன்னா நாலு."

கிளம்பும்போது அவர் சொன்னது: "அங்க மேல நிக்கறப்ப மட்டும் நானும் படிச்சவதானுங்க."

வண்டியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். மகிழ்ச்சியாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையில் மற்றது எதையும் எழுதுவதில் பொருளில்லை. காலியாக விட்டிருந்த பக்கம் நிரம்பிவிட்டது.

பத்திரிகைக்காரன் கேட்டதை அப்படியே அச்சேற்ற மாட்டான். சரிபார்ப்பான். அடுத்த அவரது முறைக்கு நான் அந்தக் கோயிலுக்குப் போனேன். நான் கிறித்தவன் இல்லை. பின்வரிசையில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் மேடையேறினார். கண்ணாடி பழுதுபார்த்து வந்திருந்தது. வலதுகை விரலை வரியின்மேல் நகர்த்திக்கொண்டே, முற்றுப்புள்ளிகளில் தலையை நிமிர்த்தி மக்களைப் பார்த்து வாசித்தார். விரல் ஒரே சீராக நகர்ந்தது. நிறுத்திப் பேசிய இடத்தில் அது நிற்கவில்லை. கடினமான பெயர் வந்த இடத்தில் தயங்கவுமில்லை. விசயம் தெரிந்தவனுக்கு மட்டுமே அது தெரியும். முடிவில் எல்லோரும் ஒரே குரலில் இறைவா உமக்கு நன்றி என்றார்கள். கீழே இறங்கும்போது அவர் என்னைப் பார்த்துவிட்டார். லேசாகச் சிரித்தார். ஊரிலிருந்து தெரிந்தவர் ஒருவர் தன் வாசிப்பைக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

அன்று மாலையே எழுதினேன். கையேட்டில் வந்தது இதுதான்:

‘ஒரு பெண் வழிபாட்டுத் தலத்தில் மாதம் இருமுறை மேடையேறி வாசிக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. ஒரு பிழையும் இல்லை. எத்தனை வாரம் கவனித்தாலும் இதே முடிவுதான். ஆகவே நம் அளவீடு நம்பகமானது. ஆனால் அவருக்கு எழுத்துத் தெரியாது. வெளியூரில் இருக்கும் மகள் அலைபேசியில் பேசி அனுப்புவதை ஏழு முறை கேட்டு மனப்பாடமாக ஒப்பிக்கிறார். நாம் அளந்தது அவருடைய நினைவாற்றலை. ஆகவே நம் அளவீட்டுக்கு ஏற்புடைமை இல்லை. ஏற்புடைமை வேண்டுமானால், அவர் முன்பு கேட்டிராத ஒரு தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.’

ஊர் பெயரை எடுத்துவிட்டேன். கோயிலை வழிபாட்டுத் தலம் என்று மாற்றினேன். வயதில் இரண்டைக் கூட்டினேன். ‘பெயர் வெளியிட விரும்பாத’ என்று எத்தனையோ செய்திகளில் எழுதியவன் நான். பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை. மகள் அலைபேசியில் பேசி அனுப்புவதையும் எடுத்திருக்கலாம். எடுத்தாலும் உதாரணம் நின்றிருக்கும். அந்த வரி நன்றாக இருந்தது. அதனால் விட்டுவைத்தேன். மூன்று தடவை என்பது குறைவாகத் தோன்றியது. ஏழு என்று போட்டேன்.

அதே கையேட்டில் பதினோராம் பக்கத்தில், தகவல் தந்தவரின் அடையாளத்தைக் காப்பது பற்றி அரைப்பக்கம் எழுதியிருக்கிறேன்.

வகுப்பில் அந்தப் பக்கத்தை வாசித்தபோது முதல்முறையாக எல்லா முகங்களிலும் தெளிவைப் பார்த்தேன். சேந்தமங்கலத்துக்காரன் கையைத் தூக்கினான்.

"சார், அப்படின்னா நம்ம செமஸ்டர் பரிட்சையும் நம்பகமானதுதான். ஏற்புடையது இல்லீங்களே?"

"நீ தேறிட்ட" என்றேன். அவன் எழுந்து கும்பிட்டான். அன்றைக்கு அந்த வகுப்பு அவ்வளவு நன்றாக நடந்தது.

மணி அடித்த பிறகு, களப்பணியில் என்னோடு வந்தவள் அல்லாத வேறொரு மாணவி மேசை அருகே வந்தாள். அதிகம் பேசாதவள். கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள் என்று எப்போதோ சொல்லியிருந்தாள். எந்தக் கோயில் என்று நான் கேட்டதில்லை.

"சார், இந்த அம்மா எங்க பங்குக் கோயில்ல வாசகம் வாசிக்கறவங்களா?"

ஆமாம் என்று சொல்லி, அதை யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. கையேடுகளை அங்கேயே திரும்ப வாங்கி அந்தத் தாளைக் கிழித்துவிடவும் நேரம் இருந்தது. அப்போது இருபத்தாறு பிரதிகள்தான் வெளியே போயிருந்தன.

"இல்லம்மா. அது கற்பனை. புரியறதுக்காக நானே உண்டாக்கினது" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "அதானுங்க சார். அவங்க பாத்துத்தான் வாசிப்பாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்து, இரண்டு நாள் விடுப்புக்குப் பிறகு அவள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

கையேட்டின் அந்தப் பக்கத்தை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அது அவள் பங்கின் இளைஞர் குழுவுக்குப் போயிருக்கிறது. மகள் வெளியூரில் இருக்கிறாள், காதில் எப்போதும் ஒயர், மாதம் இருமுறை வாசகம் என்று ஒருவன் ஒவ்வொன்றாகப் பொருத்தியிருக்கிறான். அந்த அக்காவுக்கு எழுத்தே தெரியாதாம் என்று பேச்சு கிளம்பியது. இவள்தான் சண்டை போட்டிருக்கிறாள்.

"எங்க சாரே கற்பனைன்னு சொன்னாருன்னு சொன்னேனுங்க சார். நம்பமாட்டேன்னாங்க. பசங்க வேற, ஒரு தாளைக் குடுத்துப் பாத்தாத் தெரிஞ்சுரும், புஸ்தகத்துலயே போட்டிருக்குன்னாங்க. சரி, குடுத்துட்டா எல்லாரு வாயும் மூடிருமேன்னு நெனச்சேன்."

பூசையில் மக்கள் சார்பாகச் சொல்லும் மன்றாட்டுகளை ஒரு தாளில் எழுதி வாசிப்பது வழக்கம். அந்த ஞாயிறு வாசிக்க வேண்டியவள் இவள். வாசகம் முடித்து இறங்கிவந்த அந்தப் பெண்ணிடம், எனக்குத் தொண்டை கட்டியிருக்கு, நீங்களே இதையும் வாசிச்சிருங்கம்மா என்று தாளைக் கொடுத்திருக்கிறாள்.

"அவங்க கண்ணாடி போடறவங்கன்னு பெரிசு பெரிசா எழுதியிருந்தேனுங்க சார். அழகா, ஒவ்வொரு எழுத்தாப் பாத்து எழுதினேன்."

அவர் மறுத்திருக்கலாம். கோயில் நடுவில், எல்லோரும் எழுந்து நிற்கும்போது, முடியாது என்று சொல்ல அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. தாளோடு மேடையேறினார். அதைப் பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் நின்ற இவளிடம் தாளைத் திருப்பிக் கொடுத்துச் சொன்னார். இவளுக்கு மட்டும் கேட்பதுபோலத்தான் சொன்னார். மைக் முன்னால் இருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

"தெரியாது சாமின்னு சொன்னாங்க."

அவர் இறங்கி, தன் இடத்துக்குப் போகாமல் பக்கவாசல் வழியே வெளியே போய்விட்டார். பூசை நடந்து முடிந்திருக்கிறது. மாணவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சார், அது அவங்கதானுங்களா?"

"ஆமா."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் குடுத்திருக்கவே மாட்டேனுங்க" என்றாள். அவள் அந்தத் தாளைக் கொடுத்தது என் சொல்லை நம்பியதால். என்னை நம்பாத பையன்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது.

கையேடுகளைத் திரும்ப வாங்கினேன். இருபத்தாறில் இருபத்திரண்டு வந்தன. படம் எடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. துறைத்தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பேர் போடலையே, பிறகென்ன?" என்றார். ஒரு மாதத்துக்கு முன் என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

அந்த வீட்டுக்குப் போக எனக்குப் பதினோரு நாள் ஆனது. வேலை இருந்தது என்று எழுதலாம். வேலை இருந்ததுதான். ஆனால் தாமதத்துக்குக் காரணம் அது இல்லை.

ஒரு சனிக்கிழமை போனேன். அவர் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். காதில் ஒயர் இல்லை.

"வாங்க சார். உள்ள வாங்க" என்றார். தேநீர் போட்டுக் கொடுத்தார். நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதுல என்னங்க எழுதியிருக்கீங்க?"

"எதுலங்கம்மா?"

"அந்தப் புஸ்தகத்துல. எல்லாரும் படிச்சுட்டாங்க. ஃபாதரும் படிச்சாராம். எம்மவளுக்கும் யாரோ அனுப்பிட்டாங்க. அவகிட்ட வாசிச்சுக் காட்டுடின்னேன். மாட்டேன்னு போனை வெச்சுட்டா. நான் ஒருத்திதான் கேக்கலை. நீங்களே வாசிங்க."

பையில் ஒரு பிரதி இருந்தது. மன்னிப்புக் கேட்கும்போது காட்டலாம், அவர் எதிரிலேயே கிழிக்கலாம் என்று கொண்டுபோயிருந்தேன். கிழிப்பது நன்றாக இருக்கும் என்று தோன்றியிருந்தது. இப்போது அதைப் பிரித்து வாசித்தேன். என் வாக்கியங்கள் சின்னச் சின்ன வாக்கியங்கள். எங்கும் தடுக்கவில்லை. ‘அவருக்கு எழுத்துத் தெரியாது’ என்ற இடத்தில் மட்டும் என் குரல் இறங்கியது.

"சத்தமா வாசிங்க. கேக்கலை."

முதலிலிருந்து திரும்ப வாசித்தேன். அவர் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உதடுகள் மெல்ல அசைந்தன.

"இன்னொருக்கா."

மூன்றாம் முறையும் வாசித்தேன்.

அவர் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சுவரில் சாய்ந்து நின்றார். பிறகு நான் எழுதியதை முதல் சொல்லிலிருந்து சொன்னார். ஒரு சொல் மாறவில்லை. நம்பகமானது, ஏற்புடைமை, அளவீடு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அன்று பின்வரிசையிலிருந்து கேட்ட அதே குரல். முற்றுப்புள்ளிகளில் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ‘முன்பு கேட்டிராத ஒரு தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்’ என்று முடித்து, சிறிது நேரம் நின்றார். மேடையில் மக்கள் மறுமொழி சொல்வதற்காக நிற்பதைப் போல.

உட்கார்ந்துகொண்டு, சாதாரணக் குரலில் சொன்னார்: "மூணு தடவைங்க. ஏழுன்னு போட்டிருக்கீங்க."

"தப்புத்தானுங்கம்மா."

"வயசும் அம்பத்தாறுதான்."

என் கை, அதன் பழக்கத்தில், சட்டைப்பைக்குப் போய்ப் பேனாவைத் தொட்டது. அவர் அதைப் பார்த்தார்.

"அன்னிக்குப் பேனாவ மூடி வெச்சீங்க. எழுதமாட்டீங்கன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

தேநீர் ஆறியிருந்தது. குடித்துவிட்டுத்தான் வந்தேன். குடிக்காமல் எழுந்தால் அதற்கும் அவர் வருத்தப்படுவார் என்று தோன்றியது.

கையேட்டின் அடுத்த பிரதிகளில் அந்தப் பக்கத்தில் மளிகைக்கடைத் தராசுதான் இருக்கிறது. மாணவர்களில் பாதிப்பேர் இரண்டு சொற்களையும் மறுபடியும் மாற்றி எழுதுகிறார்கள். நான் மதிப்பெண் குறைப்பதில்லை.

பங்குத்தந்தை அவரைத் திரும்ப வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார். தெரிந்த பிறகு என்ன, மனப்பாடமாகவே சொல்லுங்கள் என்றாராம். அவர் போகவில்லை. இப்போது பூசைக்கு வந்து, முன்வரிசையை விட்டு நடுவில் உட்காருகிறார் என்று பாடகர் குழுவில் இருக்கும் மாணவி சொன்னாள். எழுத்துக் கற்றுத்தருகிறேன் என்று அவள் இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். பார்க்கலாம் சாமி என்று சொல்லி, இரண்டு முறையும் சாப்பிட வைத்து அனுப்பியிருக்கிறார்.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று முதலில் அவரிடம்தான் கேட்டேன். எழுதி முடித்ததும் கொண்டுபோய் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இந்த முறை ஒரு தடவைதான் கேட்டார். இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அங்கேயே அடித்துவிட்டேன். அவை இதிலிருந்த நல்ல இடங்கள். வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் அவற்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.